தினைச் சுமலாக்

உஸ்கென்
5 அக்டோபர் 2003

என் ஒரே தங்கச்சி ஜிப்பாருக்கு,

அண்ணன் தொக்தோசுன் ஆசீர்வதித்து எழுதுவது. நீ, மாப்பிள்ளை ஜோல்தோஷ், குட்டி பெகாயிம், ஆடு மாடு, அடுப்பு எல்லாம் சுகமா? இங்கே நாங்கள் சுகம். உன் அண்ணி அனார்கானுக்கு முழங்காலில்தான் வலி, வாயில் ஒரு குறையும் இல்லை.

போன மார்ச்சில் நவ்ருஸ் பண்டிகைக்கு வந்து போனவள் அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லையே! அங்கே மலையில் மை உறைந்துவிட்டதா? போகட்டும், சேதியைக் கேள். வருகிற நவ்ருஸுக்கு நம் தெருவின் கொப்பரைகள் முழுக்க என் பொறுப்பு. பெரியவர்கள் கூடி முடிவு செய்துவிட்டார்கள். முப்பது வருஷமாகக் கல்யாண வீடுகளில் புலாவ் கிண்டிய கைக்கு இப்போதுதான் மரியாதை வந்திருக்கிறது. முந்நூறு பேர் சாப்பிடுவார்கள். நீங்கள் மூன்று பேரும் முன் வரிசையில் உட்கார வேண்டும். சாக்குப்போக்கு ஒன்றும் எடுபடாது.

இந்தக் கடிதம் கொண்டுவரும் டிரைவரிடம் ஒரு மூட்டையும் கொடுத்திருக்கிறேன். பன்னிரண்டு தந்தூர் ரொட்டி, வறுத்த வாற்கோதுமை மாவு, கொஞ்சம் வாதுமை. பெகாயிம் ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறாள். பதின்மூன்று வயசுப் பெண்ணா அவள்? ரொட்டியை நன்றாகத் தின்னச் சொல்.

பதில் எழுது, கஞ்சப் பிசுனாரி.

அன்புடன்,
அண்ணன் தொக்தோசுன்

*

அத்-பாஷி
19 நவம்பர் 2003

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். அண்ணியின் முழங்காலுக்கு ஆட்டுக் கொழுப்பைச் சூடாக்கித் தடவச் சொல்லுங்கள்.

மூட்டை வந்தது. கோபப்படாதீர்கள், ரொட்டியையும் மாவையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். பெகாயிமுக்கு ஒரு நோய் இருப்பதாக ஆகஸ்டில் பிஷ்கெக்கில் கண்டுபிடித்தார்கள். சீலியாக் என்று பெயர். கோதுமை, வாற்கோதுமை, ரை மூன்றும் அவளுக்கு ஆகாது. ஒரு துணுக்குகூடக் கூடாது, ஆயுசு முழுக்க. மருந்து எதுவும் கிடையாது. சாப்பிடாமல் இருப்பதுதான் மருந்து.

அதனால் நவ்ருஸுக்கு வர இயலாது. ரொட்டி இல்லாத பண்டிகை உண்டா? அவளை வைத்துக்கொண்டு நாங்கள் வந்தால் உங்களுக்கும் சிரமம், அவளுக்கும் சிரமம். வருத்தப்பட வேண்டாம்.

மற்றபடி எல்லாம் நலம்.

தங்கை,
ஜிப்பார்

*

உஸ்கென்
28 நவம்பர் 2003

தங்கச்சி ஜிப்பார்,

உன் வீட்டில் அனைவருக்கும் நலம் பெருகட்டும். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். இரண்டாவது தடவை எழுந்து நடந்தேன். மூன்றாவது தடவை முடிப்பதற்குள் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

ரொட்டி இல்லாத பண்டிகை உண்டா என்று யாரைப் பார்த்துக் கேட்கிறாய்? புலாவில் என்ன கோதுமை இருக்கிறது? உஸ்கென் சிவப்பரிசி, ஆட்டுக்கறி, கேரட், பூண்டு! பாதி விருந்து இப்போதே தயார். மீதியைத்தான் பார்க்க வேண்டும்.

நேற்று அரிசி மாவிலும் சோள மாவிலும் உருளைக்கிழங்கு மாவு கலந்து, கறி அடைத்துச் சம்சா செய்தேன். இருபது சம்சாவைத் தந்தூரின் சுவரில் ஒட்டினேன். ஒன்றன்பின் ஒன்றாக நெருப்பில் குதித்தன. அனார்கான் எட்டிப் பார்த்துவிட்டு, "இது சம்சா இல்லய்யா, நெலச்சரிவு" என்றாள். "சிரிடி, சிரி. பண்டிகையன்னிக்கு நீதான் தட்ட நீட்டிக்கிட்டு நிப்ப" என்றேன்.

மிச்சம் இருப்பது சுமலாக். முளைவிட்ட கோதுமையை அரைத்து விடிய விடியக் கிண்டுகிற கூழுக்குக் கோதுமை இல்லாமல் வழி என்ன என்று கேட்பாய். எனக்கும் தெரியவில்லை. ஆனால் சுமலாக் ருசிக்காத நவ்ருஸை என் மருமகளுக்குக் கொடுக்க மாட்டேன். நீங்கள் வருகிறீர்கள், அவ்வளவுதான்.

உடனே பதில் போடு.

உன் அண்ணன்

*

அத்-பாஷி
4 ஜனவரி 2004

அன்புள்ள தொக்தோசுன் மாமாவுக்கு,

பெகாயிம் எழுதுகிறேன். சுகமா? நாங்கள் சுகம் என்று எழுதவேண்டும் என்பது வழக்கம், எழுதிவிட்டேன். அம்மா உங்களுக்குப் பதில் எழுதுவதற்காக ஐந்து தடவை உட்கார்ந்தார். ஐந்து தடவையும் தாளை அடுப்பில் போட்டார். அதனால் அம்மாவுக்குத் தெரியாமல் நான் எழுதுகிறேன்.

உங்கள் சம்சாக் கதையைப் படித்து அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தந்தூரில் தினமும் கோதுமை ரொட்டி சுடுகிறீர்கள். அதே சுவரில் ஒட்டினால் அது எப்படி எனக்கு ஆகும்? சோளத்தை எந்த மில்லில் அரைத்தீர்கள்? அங்கே கோதுமையும் அரைக்கிறார்களா? சல்லடை புதுசா? பூரி பொரித்த எண்ணெயா? கறிக்குச் சோயா சாஸ் ஊற்றுவீர்களே, அதில் கோதுமை இருக்கிறது, தெரியுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா இதை உங்களிடம் சொல்லவே மாட்டார். போன நவ்ருஸுக்கு நான் வயிறு வலிக்கிறது, ரொட்டி வேண்டாம் என்றேன். நீங்கள், "ரொட்டிய வேணாம்னு சொல்றவளுக்கு எந்த வாசலும் தொறக்காதுடி" என்று பிட்டு என் வாயில் வைத்தீர்கள். எல்லோரும் பார்த்தார்கள், நான் விழுங்கினேன். பிறகு சுமலாக் இரண்டு கிண்ணம். வீட்டுக்கு வந்ததும் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் இப்போது நானே வேகவைத்த உருளைக்கிழங்கைத் தவிர எதையும் சாப்பிடப் பயமாக இருக்கிறது. அம்மா சமைத்தால்கூட. அதுதான் வரமாட்டேன் என்றேன். வரமாட்டேன் என்றது அம்மா இல்லை, நான்.

இப்படிக்கு,
பெகாயிம்

*

உஸ்கென்
1 பிப்ரவரி 2004

என் கண்ணு பெகாயிமுக்கு,

மாமா எழுதுகிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நான் பதில் எழுதாமல் இருந்ததற்குப் பனியையும் தபாலையும் காரணம் சொல்லலாம். இரண்டும் பொய்.

பத்து நாள் நான் கொப்பரைப் பக்கமே போகவில்லை. ஒரு கல்யாண வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டார், உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். அனார்கான், "என்னாச்சுய்யா?" என்றாள். உன் கடிதத்தை நீட்டினேன். அவள் படித்துவிட்டுத் தாளை மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள். அப்புறம், "அழுது முடிச்சாச்சா? அப்ப எந்திரி. புள்ள கேள்வி கேட்டிருக்கு, பதில் சொல்லு" என்றாள்.

பெகாயிம், அந்த ரொட்டியை வைத்த கை என்னுடையதுதான். மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தையில் எழுதினால் அது ரொம்ப மலிவாகத் தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

இப்போது பதில். சல்லடை பழசு. மில்லில் கோதுமையும் அரைக்கிறார்கள். எண்ணெய், நீ நினைத்த அதே எண்ணெய்தான். எல்லாவற்றிலும் நான் தோற்றேன்.

அதனால் புதிதாக ஆரம்பித்திருக்கிறேன். பின்கட்டில் இருந்த கொட்டகையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்தேன். வாதுமை மரத்தில் புது உரல், புது உலக்கை. புதுச் சல்லடை, புதுக் கரண்டி, இன்னும் நெருப்பைப் பார்க்காத ஒரு சின்னக் கொப்பரையும் ஒரு நடுத்தரக் கொப்பரையும். வாசலில் அனார்கான் கரியால் எழுதி வைத்திருக்கிறாள்: 'கோதுமைக்கும் தொக்தோசுனின் அவசரத்துக்கும் இங்கே இடமில்லை.'

இந்தக் கொட்டகைக்கு நீதான் அதிகாரி. நீ எழுதுவதுதான் சட்டம். ஒன்றே ஒன்று சொல்: சுமலாக்குக்குக் கோதுமைக்குப் பதில் வாற்கோதுமையை முளைக்கட்டினால் ஆகுமா?

உன் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மாமா

*

அத்-பாஷி
8 பிப்ரவரி 2004

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. வாற்கோதுமை கூடாது!! அம்மா முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாரே! மூன்று தானியங்களின் பெயரையும் கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

நான் யோசித்தேன். போசா பானம் காய்ச்சுகிறவர்கள் தினையை முளைக்கட்டுவார்கள் என்று அப்பா சொன்னார். முளைத்த தினை இனிக்குமாம். அதை அரைத்துப் பால் எடுத்து, அரிசி மாவு சேர்த்துக் கிண்டினால் என்ன? ஆனால் கடையில் வாங்கும் தினையில் கோதுமை மணி கலந்திருக்கும். ஒவ்வொரு பிடியாகத் தட்டில் பரப்பிப் பொறுக்க வேண்டும். உங்களுக்குப் பொறுமை உண்டா?

கொப்பரை அடிப்பிடிக்காமல் இருக்கச் சுமலாக்கில் கூழாங்கற்கள் போடுவீர்களே, பழைய கற்களைப் போடாதீர்கள். ஆற்றிலிருந்து புதிது எடுத்து வாருங்கள்.

அத்தைக்கு வணக்கம். கரியால் எழுதியது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அதிகாரி பெகாயிம்

*

உஸ்கென்
1 மார்ச் 2004

அதிகாரி அம்மாவுக்கு,

இனிக்கிறது! பெகாயிம், இனிக்கிறது!

நலம் விசாரிப்பெல்லாம் அடுத்த பக்கத்தில். முதலில் கேள். தினை வாங்கிப் பொறுக்கினேன். பொறுமை உண்டா என்று கேட்டாயே, எட்டு கிலோவுக்கு மூன்று நாள், கண் பூத்துப்போய்விட்டது. அறுபத்தொரு கோதுமை மணி கிடைத்தது. எண்ணினேன், ஒவ்வொன்றையும் திருடனைப் பிடிப்பது மாதிரிப் பிடித்தேன்.

முதல் தடவை முளைக்கட்டினேன், பூஞ்சணம் பிடித்தது. இரண்டாவது தடவை முளைத்தது, ஆனால் வேர் நீளும்வரை விட்டுவிட்டேன், கசந்தது. பக்கத்து வீட்டு ஜுராகான் கிழவி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஏன்டா தொக்தோசுன், கோழிக்கா தீனி வைக்கிற?" என்றாள். "எம் மருமவளுக்கு" என்றேன். "கோதுமை இல்லாத சுமலாக்கு, மாப்பிள்ளை இல்லாத கல்யாணம்" என்று துப்பிவிட்டுப் போனாள்.

மூன்றாவது தடவை மூன்றே நாள் முளை. உரலில் இடித்துப் பிழிந்து, அரிசி மாவு போட்டு, இளஞ்சூட்டில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது மணி நேரத்தில் நிறம் மாறியது. நாலாவது மணி நேரத்தில் அனார்கான் கரண்டியை நக்கினாள். நக்கிவிட்டு, தன் முழங்காலை மறந்து கொட்டகைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள்!

ஒரு பருக்கைச் சர்க்கரைகூடப் போடவில்லை. சோள ரொட்டி இரும்புச் சட்டியில் பொன் நிறமாக வருகிறது. சம்சா இன்னும் என் எதிரிதான், அதை விட்டுவிட்டேன்.

வா, கண்ணு. வந்து நீயே சோதித்துப் பார். பிடிக்கவில்லையென்றால் உருளைக்கிழங்கும் ஒரு மூட்டை வைத்திருக்கிறேன், நீயே வேகவைத்துக்கொள்.

மாமா

*

அத்-பாஷி
9 மார்ச் 2004

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

வணக்கம். அண்ணிக்குக் கால் வலி குறைந்ததா?

உங்கள் கடிதங்கள் பெகாயிமின் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. நான் எடுத்துப் படிக்கவில்லை. ஆனால் கடைசிக் கடிதம் வந்த அன்று உள்ளறையிலிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

உஸ்கெனுக்குப் போகிறேன் என்கிறாள். நவ்ருஸ் வாரத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் நான் ஒருத்திதான். எனக்கு விடுப்பு இல்லை. அவள் அப்பாவோடு 18-ஆம் தேதி பிஷ்கெக் வழியாக வருவாள். தன் தட்டும் கரண்டியும் அவளே கொண்டுவருவாள். அவள் சாப்பிடவில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். இது ஒன்றுதான் நான் கேட்பது.

தங்கை,
ஜிப்பார்

*

உஸ்கென்
22 மார்ச் 2004

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே.

வந்ததும் மாமா என்னைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்தார். பாதி வழியில் நின்று, தன் சட்டையைப் பார்த்துவிட்டு, "மாவுச் சட்டை! இரு, மாத்திட்டு வர்றேன்!" என்று உள்ளே ஓடினார். எல்லோரும் சிரித்தார்கள். கொட்டகையை மூலை மூலையாகச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், குறை கண்டுபிடிக்க ரொம்ப முயன்றேன்.

நேற்றுப் பண்டிகை. தெருவில் பெரிய கொப்பரையில் பெண்கள் கிண்டிய கோதுமைச் சுமலாக் தயாராக இருந்தது. கொட்டகையில் தினைச் சுமலாக்கை மாமா விடியற்காலையிலிருந்து கிண்டினார். மத்தியானம் தொழுகை முடிந்து முந்நூறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். மாமா நடுத்தரக் கொப்பரையைத் தெருவுக்குத் தூக்கி வந்து, "மொதக் கிண்ணம் எம் மருமவளுக்கு!" என்று கத்தினார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். போன வருஷமும் இப்படித்தான்.

கரண்டியை அவர் தூக்கியபோது அதில் ஏதோ நீளமாகத் தெரிந்தது. வெள்ளை வேர், தடித்த மணி.

"மாமா, இது என்ன?"

மாமா குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அது முளைவிட்ட கோதுமை. கிளறக் கிளற இன்னும் நிறைய வந்தது.

"யாரு போட்டது?" என்று கேட்டார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதே இல்லை.

ஜுராகான் பாட்டி எழுந்தார். "நாந்தாண்டா. நீ வெறகெடுக்கப் போனப்ப ஒரு பிடி போட்டேன். கோதுமை இல்லாம சுமலாக் கிண்டுனா வருஷமே வெளங்காதுன்னு... புள்ளைக்கு நல்லதுன்னு நெனைச்சுதான்டா செஞ்சேன்."

யாரோ, "ஒரு பிடிதானே, பொறுக்கிட்டுக் குடுங்க" என்றார். இன்னொருவர், "நல்ல நாளும் அதுவுமா சாப்பாட்ட மறுக்கக் கூடாதும்மா" என்றார். பெரியவர்கள் காத்திருந்தார்கள். மாமா ஒரு வார்த்தை 'சாப்பிடு' என்று சொல்லியிருந்தால் நான் சாப்பிட்டிருப்பேன் அம்மா. அதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

மாமா கரண்டியைக் கீழே வைத்தார். "இந்தக் கொப்பரை உங்களுக்கு. நல்லாத்தான் இருக்கும், சாப்பிடுங்க. போன வருஷம் இதே எடத்துல இவ வேணாம்னு சொன்னா. நான் கேக்கல. வாயில திணிச்சேன். பத்தொம்பது நாள் ஆஸ்பத்திரில கெடந்தா. இந்த வருஷம் அவ சொல்றதுதான். முளைத்தினை இன்னும் ரெண்டு கிலோ இருக்கு. நான் மறுபடி கிண்டப் போறேன்" என்றார். தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவே இல்லை.

அவர் திரும்பி நடந்தபோது ஜுராகான் பாட்டி குறுக்கே வந்து நின்றார். "நீ எங்கடா போற? கெடுத்தது நானு, கிண்டுறதும் நாந்தான்." வீட்டுக்குப் போய்க் குளித்து, பெட்டியிலிருந்து புது உடுப்பும் புது முக்காடும் போட்டுக்கொண்டு வந்தார். கொட்டகை வாசலில் இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினார். "பாத்துக்கடி, அதிகாரி." நகத்தை எல்லாம் பார்த்தேன். "இந்த ரெண்டு வெரலையும் இன்னொரு தடவ கழுவுங்க பாட்டி" என்றேன். கழுவினார்!

நான்கு மணி நேரம். சின்னக் கொப்பரையில், வேறொரு புதுக் கரண்டியால் பாட்டி கிண்டினார், அத்தை கிண்டினார், நானும் கிண்டினேன். மாமா ஆற்றுக்கு ஓடிப் புதுக் கூழாங்கற்கள் கொண்டு வந்தார். புலாவ் பரிமாறினார்கள், எல்லோரும் சாப்பிட்டார்கள். ஆனால் சுமலாக்கை யாரும் தொடவில்லை அம்மா! பெரிய கொப்பரை மூடியே இருந்தது. ஒரு பெரியவர், "அந்தப் புள்ளையோடது வரட்டும், சேந்தே சாப்பிடலாம்" என்றாராம். அப்புறம் யாரும் அசையவில்லை. ஒருவர் கோமுஸ் மீட்டினார், பெண்கள் ஆடினார்கள், கொட்டகை வாசலில் வந்து வந்து, "ஆச்சா? நெறம் மாறிடுச்சா?" என்று கேட்டார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவே இல்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் நிறம் மாறியது. என் கிண்ணத்தில் நானே ஊற்றிக்கொண்டேன். மாமா பக்கத்தில் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். முந்நூறு பேரும் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

சாப்பிட்டேன் அம்மா. தேன் மாதிரி, கொஞ்சம் புகை வாசனை. இன்னொரு கிண்ணமும் சாப்பிட்டேன். ராத்திரி வயிறு வலிக்குமோ என்று கையை வைத்துக்கொண்டே படுத்தேன். அப்படியே தூங்கிப்போனேன். காலையில் ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை!

25-ஆம் தேதி புறப்படுகிறோம்.

உங்கள் மகள்,
பெகாயிம்

*

அத்-பாஷி
4 ஏப்ரல் 2004

அன்புள்ள அண்ணா,

நீங்களும் அண்ணியும் ஜுராகான் பெரியம்மாவும் நூறு வருஷம் சுகமாக இருக்க வேண்டும்.

தெருவுக்கு முன்னால் நீங்கள் சொன்னதைப் பெகாயிம் எழுதியிருந்தாள். படித்ததிலிருந்து எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு வருஷமாக நான் உங்களுக்கு மனம்விட்டு எழுதாதது உங்கள் மேல் உள்ள கோபத்தால் என்று நினைத்திருப்பீர்கள். அது இல்லை, அண்ணா.

நீங்கள் ஊட்டியது ஒரு துண்டு ரொட்டி. ஆஸ்பத்திரியில் அந்தப் பத்தொன்பது நாளும் அவளுக்குத் தெம்பு வரட்டும் என்று பாலில் ரொட்டியை ஊறவைத்து ஊட்டியது நான். அவள் தலையைத் திருப்புவாள். நான் தாடையைப் பிடித்து ஊட்டுவேன். நான் நர்ஸ். பிற பிள்ளைகளுக்கெல்லாம் என்ன நோய் என்று சொல்கிறவள். நோயின் பெயர் தெரிந்த அன்றைக்கு எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது உங்கள் கை இல்லை, என் கை. உங்களுக்குக் கடிதம் எழுத உட்காரும்போதெல்லாம் அதைத்தான் எழுத வேண்டியிருந்தது. எழுத முடியாமல் அடுப்பில் போட்டேன். நேற்று அவளிடமே சொன்னேன். "தெரியும்மா. நீ ஊட்டுனப்ப நான் முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவர்கள் வந்து சேர்ந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனி கொட்டிக்கொண்டிருந்தது. வண்டி நின்றதும் நான் வாசலுக்கு ஓடினேன். கன்னமெல்லாம் சிவந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். ஊர்க் கதை சொல்வாள், உங்களைப் பற்றிப் பேசுவாள் என்று நினைத்தேன். அடுப்பு மேல் இருந்த சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள். அவளுக்கென்று இல்லை, எனக்கென்று நான் வைத்திருந்த அரிசியும் கறியும்.

"இத நீயா செஞ்ச? சட்டி தனிதானே?"

"தனிதான்" என்றேன்.

"அப்ப போடும்மா. பசிக்குது."

அண்ணா, ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, அந்த வார்த்தையை நான் கேட்டு. அவசரத்தில் தட்டில் பாதி, தரையில் பாதி போட்டேன். அவள் என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.

உங்கள் தங்கை,
ஜிப்பார்